போஞ்சித் தட்டில் சிரித்த கிழவன்

போஞ்சித் தட்டில் இருந்த அந்தக் கிழவனை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது.

சுப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் தட்டில் பீன்ஸ் என்கிற போஞ்சிக்காயை அடுக்கி, மேலே பளபளக்கிற தாள் ஒட்டி விற்பார்கள். அந்தத் தாளில் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு கிழவன் கையில் கூடையோடு சிரித்துக்கொண்டிருப்பான். கன்னம் இரண்டும் சிவப்பு. கீழே ஒரு வரி: ‘எங்கள் ஊர்த் தோட்டத்திலிருந்து.’ நான் நாலாம் வகுப்போடு நின்றவள். இந்த நாட்டு எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வாசிப்பேன். அந்த வரியை வாசித்து முடிக்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது. வாசித்தபோது வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ஏனென்றால் அந்தப் போஞ்சியைச் செடியிலிருந்து ஆய்ந்தது நான். வளர்த்தது ஒரு பொம்பிளை. அவளிடம் வைக்கோல் தொப்பியும் இல்லை, சிரிப்பும் இல்லை.

நான் அப்போது டிரெஸ்டனுக்குக் கிழக்கே, போலந்து எல்லைப் பக்கம் ஒரு சின்ன நகரத்தில் இருந்தேன். நானாகத் தேடிப் போன இடமில்லை. அகதியாகக் கேட்டபோது அங்கேதான் போட்டார்கள். மகன் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். நான் இடையில் நின்றுபோனேன். என்னிடம் இருந்தது டுல்டுங் என்கிற கடதாசி. ‘இப்போதைக்கு உன்னைத் திருப்பி அனுப்பவில்லை’ என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு வேலை செய்யக்கூடாது. மாவட்டத்தைத் தாண்டக்கூடாது. பீலெஃபெல்டில் என் தங்கச்சி இருந்தாள். அங்கே தமிழ்க் கடை இருக்கிறது, கோயில் இருக்கிறது, ஒருக்கால் வந்திட்டுப் போ அக்கா என்று தொலைபேசியில் சொல்லுவாள். போவதென்றால் அலுவலகத்துக்குப் போய் அனுமதி கேட்க வேண்டும். அந்த மேசைக்கு முன்னால் நின்று வாய் திறக்க எனக்கு வெட்கம். ஆகவே நான் போகவில்லை.

நான் இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு தமிழ் ஆள் இருந்தான். நாற்பது வயதிருக்கும். வேலை செய்கிற அனுமதி அவனுக்கு இருந்தது, ஜெர்மன் பாஷையும் நன்றாக வரும். அதனால் தனக்கு இரண்டு தலை முளைத்ததுபோல நடப்பான். ஒரு நாள் படியில் மறித்துச் சொன்னான்.

“அக்கா, சும்மா அறைக்குள்ள குந்தியிருந்து என்ன செய்யப் போறியள்? நான் வேலை செய்யிற தோட்டத்துக்கு வாங்கோ. போஞ்சி ஆயிற வேலைதான். ஒண்டு மட்டும், ஆர் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதேங்கோ.”

என்னிடம் போய் அதைச் சொன்னான். திறக்கிற வாய் இருந்திருந்தால் நான் ஏன் அங்கே இருந்திருப்பேன்.

தோட்டக்காரிக்கு என் வயதுதான். அறுபதை எட்டிக்கொண்டிருந்தாள். உயரம், எலும்பு, வலது முழங்காலில் எப்போதும் ஒரு கட்டு. நாட்டை இரண்டாகப் பிரித்த சுவர் விழ முதல் அவளுடைய தகப்பனின் நிலத்தைக் கூட்டுப் பண்ணை எடுத்துக்கொண்டதாம். அந்தப் பண்ணையிலேயே அவள் மாடு கறந்து தலை நரைத்தாள். சுவர் விழுந்த பிறகு ஒரு கடதாசி வந்தது, நிலம் திரும்பி வந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம். அவ்வளவுதான். நாலு பக்கமும் பழைய கூட்டுப் பண்ணையின் நிலம். அது பெயரை மாற்றிக் கம்பனி ஆகிவிட்டது. முன்பு மேசையில் இருந்த அதே ஆட்கள் அதே மேசையில் இருந்து, வீடு மாதிரிப் பெரிய மெஷின்களை ஓட்டுவித்தார்கள். அந்த மெஷின் கிளப்புகிற தூசியெல்லாம் இவளுடைய போஞ்சியில்தான் வந்து விழும்.

அவள் என்னை ‘நீ’ என்றாள். நான் அவளை ‘நீங்கள்’ என்றேன். முதல் நாளிலிருந்தே எங்கள் இரண்டு பேருக்கும் ஆகவில்லை. நான் குனிந்து ஆய்கிறபோது பின்னால் வந்து நின்று கையைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு “கெதியா” என்று அவசரப்படுத்துவாள். பத்து மணிக்கு அந்தத் தமிழ் ஆளுக்கு மட்டும் கோப்பி வரும், கோப்பையோடு. எனக்கு வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் தகரக் குவளையும். நான் அந்தக் குவளையைத் தொடாமல் வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுபோவேன். அதை அவள் பார்த்தாள். அதற்கும் என்மேல் கோபம்.

அவளுடைய போஞ்சியை வாங்குகிற இடம் நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு பெரிய பொதியிடும் நிலையம். நாங்கள் அதைச் சென்ட்ராலெ என்போம். அதைப் பற்றி அந்தத் தமிழ் ஆள்தான் எனக்குச் சொன்னான். சுவர் விழுந்த புதிதில் அவள் தன் மரப்பெட்டியில் போஞ்சியை நிரப்பிக்கொண்டு அங்கே பின்கதவுக்குப் போவாளாம். ஒருவன் நிறுத்துப் பார்த்து எடுத்துக்கொள்ளுவான். பிறகு மேற்குப் பக்கத்திலிருந்து புது முதலாளிகள் வந்தார்கள். மரப்பெட்டி ஆகாது, எங்களுடைய பச்சைப் பெட்டிதான் வேண்டும் என்றார்கள். பெயர் வேண்டாம், ஒரு இலக்கம் தருகிறோம் என்றார்கள். என்ன மருந்து அடித்தாய், எப்போது அடித்தாய் என்று ஒரு புத்தகத்தில் எழுதச் சொன்னார்கள். அந்தக் கிராமத்தில் மூன்று பேர் அவர்களுடைய பட்டியலில் இருந்தார்கள். ஒருவர் இதெல்லாம் ஏலாது என்று விட்டுவிட்டார். ஒருவரை அவர்களே பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்கள். மிச்சம் இவள் ஒருத்தி.

போஞ்சியின் நீளத்துக்கும் அளவு. அவள் ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து வைத்திருந்தாள். இரண்டு ஆணிக்கும் நடுவில் காய் சரியாக விழ வேண்டும். நீண்டாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது, வளைந்தால் ஆகவே ஆகாது. வளைந்த போஞ்சி கறிச்சட்டிக்குள் போய் வளைந்துகொண்டா நிற்கப் போகிறது? நல்ல பிஞ்சுக் காய்களையெல்லாம் பன்றிக்குக் கொட்டுவோம். அந்தப் பன்றி என்னைவிட நல்ல சாப்பாடு சாப்பிட்டது.

ஒரு நாள் அவள் சுப்பர்மார்க்கெட்டிலிருந்து ஒரு தட்டை வாங்கிக்கொண்டு வந்து, நாங்கள் காய் பிரிக்கிற மேசையில் அடித்து வைத்தாள்.

“இவனை ஆருக்காவது தெரியுமோ? இந்த மாவட்டத்தில எனக்குத் தெரியாத தோட்டக்காரன் ஒருத்தனும் இல்லை. ஆர் இந்த நாய்?”

அந்தத் தமிழ் ஆள் சிரித்தான். “கூலிக்குச் சிரிக்கிற ஆள். வேற ஆர்?”

அவள் பெருவிரல் நகத்தால் கிழவனின் முகத்தில் தொப்பியிலிருந்து தாடைவரை ஒரு கோடு இழுத்தாள். பிறகு குறுக்கே இன்னொன்று. தாள் கிழிந்து நகத்துக்குள் சுருண்டது. அப்படியே தட்டைப் பன்றிப் பட்டிக்குள் எறிந்தாள். அவள் செய்தவற்றில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

யூரோக் காசு வந்து இரண்டாவது கோடை. மழையே இல்லை. மண் வெடித்துக் கிடந்தது. அந்த வெக்கையில் போஞ்சிக்குச் செடிப்பேன் பிடித்துவிட்டது. பின்பக்கத்து வரிசைகளில் தண்டு முழுக்கக் கறுப்பாக, மொய்மொய்யென்று. அந்த நேரம் பார்த்துச் சென்ட்ராலெயிலிருந்து கடிதம்: அடுத்த வருடமும் பட்டியலில் வைப்பதா என்று முடிவெடுக்க ஒரு ஆய்வுக்காரி வருவாள். நாளும் போட்டிருந்தது. மருந்து அடிக்கலாமென்றால், அடித்துவிட்டு இத்தனை நாள் காய் ஆயக்கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது. அத்தனை நாள் இல்லை. பேனோடு விடவும் முடியாது.

அவள் என்னைப் பின்வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு இலையைப் பிடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“கண் இல்லையோ உனக்கு? இவ்வளவு நாளும் இதுக்குள்ளதானே நிண்டனி? கையால நசுக்கு. ஒண்டும் மிச்சம் இருக்கக்கூடாது.”

நசுக்கினேன். ஒரு முழு நாள். விரல் எல்லாம் கறுத்துப் பிசுபிசுத்தது. மூன்று வரிசை முடிந்து திரும்பிப் பார்த்தால் முதல் வரிசையில் திரும்ப ஏறி இருக்கிறது. அவள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போனாள். இவளுக்கு ஒன்றும் தெரியாது என்கிற ஆட்டல் அது.

எனக்குத் தெரியும். ஊரில் பயித்தங்காய்க் கொடிக்குப் பேன் பிடித்தால் விடிய, பனி காய முதல் சாம்பல் தூவ வேண்டும். நடக்கத் தொடங்கின காலத்திலிருந்து நான் செய்த வேலை. அவளுக்கு உதவி செய்ய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பொய் சொல்லி என்ன? அவளுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

கொட்டிலுக்குள், கதவுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பீப்பாய் நிறையச் சாம்பல் இருந்தது. பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்கப் பாதையில் கொட்டுவதற்காக அடுப்புச் சாம்பலைச் சேர்த்து வைத்திருந்தாள். மெல்லிய சாம்பல். கையில் எடுத்தால் மா மாதிரி இருந்தது. ஆய்வுக்காரி வருவதற்கு இரண்டு நாள் முந்தி, முதல் பஸ்ஸில் போனேன். ஒரு பழைய காலுறைக்குள் சாம்பலை அள்ளிப் போட்டு, தட்டித் தட்டிப் பின்வரிசை முழுவதும் தூவினேன். அன்று முழுக்க அவள் வீட்டுக்குள் இருந்து அந்தப் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தாள். முழங்கால் வலியில் பின்வரிசைவரை வரவுமில்லை. அடுத்த நாள் பார்த்தேன். பேன் செத்து உதிர்ந்து கிடந்தது. அவள் வரம்பில் நின்றபடி “முடிஞ்சுதோ?” என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அவ்வளவு நிம்மதியாக நான் அந்த நாட்டில் ஒரு நாளும் தலையாட்டினதில்லை.

ஆய்வு நாளன்று என்னைக் கொட்டிலுக்குள் போய் இருக்கச் சொன்னார்கள். அனுமதி இல்லாத ஆள் தோட்டத்தில் நிற்கக்கூடாது. உருளைக்கிழங்குச் சாக்குகளுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். பலகை இடுக்கால் பின்வரிசை நன்றாகத் தெரிந்தது, அவர்கள் கதைப்பதும் கேட்டது.

ஆய்வுக்காரி இளம் பெட்டை. வெள்ளைச் சப்பாத்தோடு தோட்டத்துக்கு வந்த ஒரே ஆள் அவள்தான். புத்தகத்தைப் புரட்டினாள், பெட்டிகளைப் பார்த்தாள். அந்தத் தமிழ் ஆளோடு சிரித்துக் கதைத்தாள். அடுத்த வருடம் போலந்தும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளே வருகிறது, எல்லையில் லொறி நிற்கத் தேவையில்லை, அங்கே போஞ்சி எவ்வளவு மலிவு தெரியுமா என்று சொன்னாள். தோட்டக்காரி முன்னால் நிற்கிறாள் என்று அவள் யோசிக்கவில்லை. பிறகு நேரே பின்வரிசைக்கு நடந்தாள்.

ஒரு இலையைத் திருப்பினாள். கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் துடைத்தாள். தாள் சாம்பல் நிறமானது.

“இது என்ன?”

தமிழ் ஆள் முந்திக்கொண்டான். “தூசி. பக்கத்துக் கம்பனியின்ர மெஷின். பொழுது விடிஞ்சால் எங்களுக்குத் தூசிதான்.”

அவள் தாளை மணந்து பார்த்தாள். “தூசிக்கு இப்பிடி மணக்குமோ? ஆர் இதைப் போட்டது? உங்கள் ரெண்டு பேரையும் விட இங்க வேற ஆர் வேலை செய்யினம்?”

தோட்டக்காரி இலையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பிக் கொட்டிலைப் பார்த்தாள். பலகைக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது. ‘நான்தான்’ என்று எழும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

“நான்தான் போட்டனான்” என்றாள் அவள். “சாம்பல். பேனுக்கு. அம்மாவும் போடுவா.”

“புத்தகத்தில இல்லையே?”

“அடுப்புச் சாம்பலை மருந்து எண்டு ஆர் எழுதுவினம்?”

“எந்தச் சாம்பல்? எனக்குக் கொஞ்சம் வேணும்.”

ஆய்வுக்காரி கொட்டில் பக்கம் காலை எடுத்து வைத்தாள். தோட்டக்காரி அவளுக்கு முன்னால் விறுவிறென்று வந்தாள். அந்த முழங்காலோடு அவள் அவ்வளவு வேகமாக நடந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். “உள்ள ஒரே அழுக்கு, உங்கட சப்பாத்துப் பழுதாப்போகும், நில்லுங்கோ” என்று சொல்லிவிட்டுத் தனியே உள்ளே வந்தாள். பீப்பாய்க்கும் எனக்கும் ஒரு கை தூரம். ஒரு கண்ணாடிப் போத்தலில் சாம்பலை அள்ளினாள். என் பக்கம் திரும்பவில்லை. குனிந்தபடியே, வெளியே கேட்காமல் ஒரு சொல் சொன்னாள்.

“முட்டாள்.”

ஆய்வுக்காரி இலையும் காயும் சாம்பலும் எடுத்துக்கொண்டு போனாள். அவளுடைய கார் மறைந்ததும் தோட்டக்காரி என்னை வெளியே கூப்பிட்டாள். நான் நின்றேன். அவள் நாலு வசனம்தான் பேசினாள். மொழிபெயர்த்த தமிழ் ஆளோ நாற்பது வசனம் சொன்னான். அவன் தன் பங்குக்குச் சேர்க்கிறான் என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு எனக்கும் அந்தப் பாஷை வந்திருந்தது.

“அக்கா, அவ உங்களைக் காப்பாத்தினவ எண்டு நினைக்க வேண்டாமாம். உங்களைப் பிடிச்சால் பொலிஸ் வருமாம், பொலிஸ் வந்தால் தன்ர நிலத்துக்குத்தான் கேடாம். அதுதான் பொய் சொன்னவவாம். அது பழுப்பு நிலக்கரிச் சாம்பலாம். அதை ஒரு சலாது இலைக்குக்கூட இஞ்ச போடமாட்டினமாம், இந்தப் பக்கத்தில சின்னப்பிள்ளைக்கும் தெரியுமாம். உங்களுக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. கூட்டிக்கொண்டு வந்த எனக்கும் வெட்கமாக் கிடக்கு.”

“எங்கட ஊரில எல்லாரும் போடுறது, தம்பி” என்றேன்.

“உங்கட ஊரில எரிச்சது தென்னம்மட்டை. இஞ்ச எரிக்கிறது நிலக்கரி. ரெண்டும் ஒரு நிறம் எண்டால் ரெண்டும் சாம்பலோ?”

எனக்கு அது சாம்பல்தான். அடுப்பிலிருந்து வந்தது, கையில் மா மாதிரி இருந்தது.

பிறகு ஒரு கிழமைக்கு மேல் பச்சைப் பெட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. லொறி வரவில்லை. காய் முற்றி விதை தள்ளியது. அவள் ஒவ்வொரு நாளும் கடிதப் பெட்டிக்குப் போய்த் திரும்புவாள். திரும்பும்போது என்னைப் பார்ப்பாள். கெதியா என்றுகூடச் சொல்லவில்லை. எனக்குத் திட்டு வாங்குவதே மேல் என்றிருந்தது.

கடிதம் வந்தது. ஒரு பக்கம்தான். இலையிலும் காயிலும் இருக்கக்கூடாத உலோகங்கள் இருக்கின்றன, புத்தகம் ஒழுங்காக எழுதப்படவில்லை, இத்தனை வருட ஒத்துழைப்புக்கு நன்றி. பட்டியலில் அந்த இலக்கம் இனி இல்லை. எனக்கு வாசித்துக் காட்டிய தமிழ் ஆள் தாளை மடித்து அவளிடம் கொடுத்துவிட்டு, அந்த மூச்சிலேயே தானும் அடுத்த திங்கட்கிழமை வர மாட்டேன் என்றான். சென்ட்ராலெயில் பொதி செய்கிற இடத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. ஆய்வு நாளில் அந்தப் பெட்டையோடு சிரித்தது சும்மா இல்லை.

அவர்கள் எப்படியும் அவளை வெட்டியிருப்பார்கள். வெள்ளைச் சப்பாத்துக்காரி வரும்போதே மனதில் போலந்துப் போஞ்சியை வைத்துக்கொண்டுதான் வந்தாள். ஆனால் காரணம் தேடிக்கொண்டு நின்றவர்களின் கையில் காரணத்தை எடுத்துக் கொடுத்தது நான். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர்களை அவளால் ஒன்றும் செய்ய ஏலாது. நான் கண் முன்னால் நின்றேன்.

கடைசியாகப் போஞ்சிச் செடியைப் பிடுங்க என்னைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு வரிசை, பேச்சில்லாமல் இரண்டு நாள் பிடுங்கினோம். அந்த நிலத்தைக் கம்பனிக்கே குத்தகைக்குக் கொடுக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எல்லை போட்டிருந்த கம்பியை ஏற்கெனவே சுருட்டிவிட்டார்கள். பின்வரிசைக்கு வந்தபோது நான் ஒரு தண்டைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பேன்கூட இல்லை. என்னிடம் இருந்த ஜெர்மன் பாஷையில், அவளிடம் முதலாவதாகவும் கடைசியாகவும் நானாக வாய் திறந்து சொன்னேன்.

“பேன் செத்தது.”

அவள் நிமிர்ந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் காறித் துப்பினாள்.

“ஓம். செத்தது” என்றாள். “போ. இனி வராதே.”

நான் வெளியே வந்ததும் வீட்டு வாசல் படலையைச் சாத்தினாள். நான் பஸ்ஸுக்கு நடந்தேன். அதற்குப் பிறகு அவளை நான் சந்திக்கவில்லை.

அடுத்த கோடையில் அந்தக் கிழவன் அப்படியே இருந்தான். அதே தொப்பி, அதே கூடை, ‘எங்கள் ஊர்த் தோட்டத்திலிருந்து.’ மூன்றாம் மாடிக்காரன் படியில் நின்று சொன்னான்: “போலந்துப் போஞ்சியும் அதே தட்டுத்தான் அக்கா, படம் மாத்தேல்லை. அங்க சின்னச் சின்னத் தோட்டக்காரர்தான் ஏத்தி விடுகினம். இப்ப அவையளுக்கும் அளவுப் பலகை குடுத்திட்டினம்.” சொல்லிவிட்டுச் சிரித்தான். அங்கேயும் ஒருத்தி பலகையில் ஆணி அடித்துக்கொண்டிருப்பாள். அவளையும் ஒரு நாள் வெட்டுவார்கள். இவன் அப்போதும் சிரிப்பான்.

எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சுப்பர்மார்க்கெட்டில் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, மரக்கறித் தட்டுகளுக்கு முன்னால் நின்று, பெருவிரல் நகத்தால் அந்தக் கிழவனின் முகத்தில் ஒரு கோடு இழுப்பேன். ஒரே ஒரு கோடு, கண்ணுக்குக் கீழே, சின்னதாக. அதற்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும். இழுத்துவிட்டுப் பால் வாங்கப் போவேன்.

ஒரு சனிக்கிழமை போனேன். அடுக்கில் மேல் தட்டை எடுத்தேன். கிழவனின் முகத்தில் தொப்பியிலிருந்து தாடைவரை ஒரு கோடு. குறுக்கே இன்னொன்று. தாள் சுருண்டு நின்றது. அடுத்த தட்டிலும் அப்படி. அதற்கடுத்ததிலும். ஒரு அடுக்கு முழுவதும்.

நான் சுற்றிப் பார்த்தேன். அவள் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் நான் போய்ப் பேசியிருக்கமாட்டேன், அவளும் பேசியிருக்கமாட்டாள். எடுத்த தட்டை எடுத்த இடத்திலேயே வைத்தேன். பக்கத்து அடுக்கில் கிழவன் இன்னும் முழுதாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அன்று எனக்கு நெஞ்சு அடிக்கவில்லை. பெருவிரல் நகத்தை நீட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தேன்.